மதகுத் தண்ணீர்

ஜனவரி 4, சனி

அறிவியல் ரெக்கார்டில் மிச்சமான பக்கங்களைக் கிழித்துத் தைத்து இந்த நோட்டைச் செய்தேன். அம்மா கண்ணில் பட்டால் படிக்க மாட்டாள், வெந்நீர் அடுப்புக்குப் போட்டுவிடுவாள். சங்கவி அக்கா கண்ணில் பட்டால் வீடே கேட்கும்படி வாசித்துக் காட்டுவாள். அதனால் அரிசி டிரம்முக்குப் பின்னால் வைக்கப் போகிறேன். எல்லாரும் தூங்கிய பிறகு எடுப்பேன்.

இன்று காலை ஒரு தப்பு செய்தேன். சின்னத் தப்புதான்.

செல்வராணி டீச்சர் சனிக்கிழமைதோறும் ஓடையில் இரண்டு பாட்டில் தண்ணீர் எடுத்துவரச் சொல்லியிருக்கிறார். ஒன்று பாறையாண்டை. ஓடை எங்கள் ஊர் மாங்கொட்டாயின் வயல்களுக்குள் நுழையும் இடம் அது. இன்னொன்று மதகுக்குக் கீழே. அங்கே கடைசி வயலைத் தாண்டி ஓடை ஊரை விட்டுப் போகிறது. இரண்டு தண்ணீரிலும் நைட்ரேட் எவ்வளவு என்று பள்ளியில் பார்ப்போம். மதகில் எவ்வளவு கூடுதலாக இருக்கிறதோ அவ்வளவும் எங்கள் வயல்களில் போட்ட உரம் கரைந்து வந்தது.

மதகுப் பக்கம் கோழிப் பண்ணைக்காரர்கள் ஒரு கறுப்பு நாய் வைத்திருக்கிறார்கள். அதற்குப் பயந்து இரண்டு பாட்டிலையும் பாறையிலேயே நிரப்பிவிட்டேன். டீச்சர் சொன்னபடி அந்தத் தண்ணீரிலேயே மூன்று முறை கழுவி, வாயைத் தண்ணீருக்குள் அமுக்கி, காற்றுக் குமிழி இல்லாமல் மூடினேன். அதை மட்டும் ஒழுங்காகச் செய்தேன். ஒரு பாட்டிலில் ‘பாறை’ என்று எழுதினேன். இன்னொன்றில் ‘மதகு’.

ஜனவரி 6, திங்கள்

மருந்துப் பொடி போட்டுக் குலுக்கி ஐந்து நிமிடம் வைத்தால் தண்ணீர் நிறம் மாறும். அட்டையில் ஐந்து கட்டங்கள். முதல் கட்டம் வெள்ளை, கடைசி நல்ல ரோஸ். போன வருஷம் இதே மாதம் மதகுத் தண்ணீர் ஐந்தாம் கட்டத்தில் இருந்தது. இன்று இரண்டு சோதனைக் குழாயும் வெள்ளையாகவே நின்றன. நிற்காமல் என்ன செய்யும்.

“பாத்தியா நிரஞ்சனா, மூணு மாசமா எறங்கிக்கிட்டே வந்து இப்ப சுத்தமாயிடுச்சு” என்றார் டீச்சர். வகுப்பிலும் சொன்னார். இதுவரை புரியாதவர்களுக்காக இன்னொரு தடவை விளக்கினார். மதகுக்குக் கீழே இருக்கும் பால் பவுடர் ஆலையில் குழாய்களை அமிலம் விட்டுக் கழுவுகிறார்கள். அந்தத் தண்ணீரிலும் நைட்ரேட் உண்டு. அதை முழுக்கச் சுத்தம் பண்ண அவர்களிடம் வசதி போதாது. எங்கள் ஊரில் முப்பத்தொரு குடும்பம் யூரியாவைப் பாதியாகக் குறைத்து, உரத்தைத் தடுக்க ஓடைக் கரையில் பத்தடிக்குப் புல் விட்டிருக்கிறார்கள். ஓடையில் எத்தனை கிலோ நைட்ரேட் குறைகிறதோ அத்தனை புள்ளி எங்கள் ஊருக்கு. ஆலை அந்தப் புள்ளிகளை விலைக்கு வாங்கிக்கொண்டு அத்தனை கிலோவை ஓடையில் விடலாம். ஆனால் நாங்கள் மூன்று கிலோ குறைத்தால் அவர்கள் இரண்டுதான் விட வேண்டும். ஆக ஓடை கொஞ்சம் கொஞ்சமாகச் சுத்தமாகும். இதில் சேரச் சொல்லி யாரும் யாரையும் கட்டாயப்படுத்தவில்லை.

பின் பெஞ்சு அமுதினி எழுந்து, “அவங்க விட்டு, நம்மளும் விட்டா என்னா டீச்சர் ஆகும்?” என்று கேட்டாள்.

“அதுக்குத்தானே நிரஞ்சனா பாட்டில் தூக்கிக்கிட்டு நடக்குறா” என்றார் டீச்சர். எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

ஜனவரி 11, சனி

நாய் இருந்தது. இரண்டும் பாறையிலேயே.

அக்காவின் பாப்பாவுக்கு இன்று தலைக்கு ஊற்றினோம். என் காலில்தான் படுக்கவைத்தார்கள். வழுக்கிக்கொண்டே இருந்தாள். “கெட்டியாப் புடிடி ஆபீசரம்மா, அது உன் பாட்டில் இல்ல” என்றாள் அக்கா.

ஜனவரி 14, செவ்வாய்

பொங்கல். பள்ளி இல்லை. அப்பா என் முகத்தைப் பார்க்கவில்லை. நானும் பார்க்கவில்லை.

ஜனவரி 18, சனி

அப்பாவின் தக்காளி நன்றாகத் தேறிவிட்டது. மார்கழி நடுவில் இலையெல்லாம் மஞ்சளாகிச் செடி குன்றிப் போய் நின்றது. இப்போது கரும்பச்சை. பக்கத்து வயல் சின்னப்பையன் பெரியப்பாவின் மக்காச்சோளம் இடுப்பு உயரத்தைத் தாண்டவில்லை. வரப்பில் நின்று, “முனிரத்தினம், உன் மண்ணு ராசியான மண்ணுடா” என்றார். அப்பா, “எருவு நல்லா மக்கியிருந்தது” என்றார்.

போன ஆவணியில் முப்பத்தொரு பேரும் மதகின்மேல் கற்பூரம் ஏற்றிச் சத்தியம் செய்தார்கள். தண்ணீர்ச் சங்கத்து ஜெயசீலன் சார் கொண்டுவந்த காகிதத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டு, “காயிதம் உங்களுக்கு, இது எங்களுக்கு” என்று சொல்லித்தான் ஏற்றினார்கள். ஒருவர் தவறினாலும் முப்பத்தொரு பேருக்கும் புள்ளி போய்விடும் என்பதால் அது. முதலில் கையை நீட்டிச் சத்தியம் செய்தது அப்பா.

இன்றும் நாய்.

ஜனவரி 24, வெள்ளி

பள்ளி மைதானத்தில் விழா. ஆலையிலிருந்து மேனேஜர் வந்தார். பிப்ரவரி முதல் தேதியிலிருந்து எங்கள் புள்ளிகள் அவர்களுக்கு. என்னை மேடைக்குக் கூப்பிட்டு ஒரு சில்வர் தண்ணீர் பாட்டிலும் சான்றிதழும் கொடுத்தார்கள். “இந்தப் பெண்ணின் எண்களை நம்பித்தான் இவ்வளவும் நடக்கிறது” என்றார் ஜெயசீலன் சார். மைக் கீச்சென்று கத்தியது.

மேடையிலிருந்து பார்த்தால் மூன்றாவது வரிசையில் அப்பா. குனிந்து செருப்பின் வாரைச் சரி செய்துகொண்டே இருந்தார். வார் நன்றாகத்தான் இருந்தது.

சின்னப்பையன் பெரியப்பா என் தலையைத் தொட்டு, “சோளம் போனா போவுது, ஓடையாவது தேறிச்சே” என்றார்.

இரவு சான்றிதழை அரிசி டிரம்முக்குப் பின்னால் வைத்தேன்.

பிப்ரவரி 3, திங்கள்

அக்கா பள்ளக்கொட்டாய்க்குப் போய்விட்டாள். பாப்பாவுக்கு ஐந்தாம் மாதம் நடக்கிறது. ஒற்றைப்படை மாதத்தில்தான் புருஷன் வீட்டுக்கு அனுப்புவார்கள், இதை விட்டால் ஏழு. அவள் புருஷன் மாதேஷ் மாமா ஆட்டோ கொண்டுவந்தார். அம்மா வேப்பிலைக் கொத்தும் ஒரு பெட்டி பால் பவுடரும் வைத்துக் கட்டினாள். அக்காவுக்குப் பால் போதவில்லை.

“சின்ன மாமியார் வரலையா? உன் தண்ணிய நீயே வந்து சோதிச்சுக்குடு” என்று என்னைக் கேட்டார் மாமா. அவருக்கு எப்போதும் கேலிதான்.

பள்ளக்கொட்டாய் ஓடைக்குக் கீழே இருக்கிறது. முதலில் எங்கள் மதகு, அப்புறம் ஆலை, அப்புறம் பள்ளக்கொட்டாய். எங்கள் வீட்டில் போர்வெல் தண்ணீர். அங்கே குடிக்கிற தண்ணீர் டேங்க்குக்கு ஓடைக் கரைக் கிணற்றிலிருந்து ஏறுகிறது.

இதை நான் இன்றுதான் நினைத்தேன். அப்படித்தான் எழுதிக்கொள்கிறேன்.

பிப்ரவரி 9, ஞாயிறு

அம்மாவோடு அக்கா வீட்டுக்குப் போனேன். பாலத்தின் மேலிருந்து ஓடையைப் பார்த்தேன். கரையோரம் பச்சையாக ஏடு கட்டியிருந்தது.

அக்கா பாப்பாவுக்குப் பால் கரைத்துக்கொண்டிருந்தாள். தண்ணீர் தளதளவென்று கொதித்த பிறகும் இறக்கவில்லை. “இருபது நிமிஷம் வைப்பேன். இங்க தண்ணி எப்படியோ, நமக்கென்னா தெரியும்” என்றாள். பாதியாக வற்றியிருந்தது. அதில் பவுடரைப் போட்டுக் கரைத்தாள்.

கிருமிதான் கொதித்தால் சாகும். நைட்ரேட் சாகாது. தண்ணீர் வற்ற வற்ற அது கெட்டிப்படும். ஆறு மாதத்துக்குள் இருக்கிற குழந்தைகளுக்கு அது ஆகாது, ரத்தத்தில் ஆக்சிஜனை ஏறவிடாது. இது அட்டையின் பின்பக்கத்திலேயே அச்சடித்திருக்கிறது. எனக்கு மனப்பாடம்.

“அக்கா, பாப்பாவுக்கு மட்டும் கேன் தண்ணி வாங்கிக்கோயேன்” என்றேன்.

“ஏன், உங்க ஜில்லா கலெக்டர் உத்தரவா?”

“இல்ல. சும்மாதான்.”

“சும்மாவா? நான் அடுப்பாண்டையே நின்னு இவ்ளோ பாத்துப் பாத்துக் காய்ச்சுறேன், நீ வந்து குத்தம் சொல்றியா? எடுடி அந்த ரப்பர.”

பால் பாட்டிலின் ரப்பர் காம்பை எடுத்துக் கொடுத்தேன். ஏன் என்று ஒரு தடவை ஒழுங்காகக் கேட்டிருந்தால் சொல்லியிருப்பேனா என்று தெரியவில்லை. பாப்பா ஒரு சொட்டு விடாமல் குடித்தாள்.

பிப்ரவரி 12, புதன்

பாப்பாவுக்கு வயிற்றால் போகிறதாம். அக்கா போனில் அம்மாவிடம், “இனிமே அரைமணி நேரம் காய்ச்சுறேம்மா” என்று சொல்லிக்கொண்டிருந்தாள். நான் பக்கத்தில் பூண்டு உரித்துக்கொண்டிருந்தேன். ஒரு கிண்ணம் முழுக்க உரித்தேன்.

பிப்ரவரி 15, சனி

இன்று ஏழாவது வாரம். சனிக்கிழமையும் பள்ளி இருந்ததால் இன்றே சோதித்து எழுதிவிட்டோம். இரண்டும் பாறையிலேயே.

நாய் இல்லை. பொங்கலுக்கு முன்பே பண்ணைக்காரர்கள் அதைக் கொண்டுபோய்விட்டார்கள். இருந்தபோதும் அது யாரையும் கடித்ததில்லை. என்னைக் கண்டால் பின்னங்காலைத் தூக்கிப் படுத்துக்கொள்ளும்.

இந்த நோட்டிலும் பொய் எழுதினால் அப்புறம் எங்கேதான் எழுதுவது.

ஜனவரி நான்காம் தேதி நான் மதகுக்குப் போனேன். ஆறரை மணி இருக்கும், பனி விலகவில்லை. பாட்டிலை மூன்று முறை கழுவி நிரப்பிவிட்டு நிமிர்ந்தேன். கடைசி வயல் எங்களுடையது. அப்பா தக்காளிப் பாத்திக்குள் நின்று மடியிலிருந்து வெள்ளையாக எதையோ அள்ளி வீசிக்கொண்டிருந்தார். வரப்பில் இரண்டு யூரியா மூட்டை. ஒன்று காலியாகி மடித்துக் கிடந்தது. முதல் நாள்தான் தண்ணீர் பாய்ச்சியிருந்தார். பாத்தி வழிந்து புல்லுக்குள் புகுந்து ஓடைக்கு வந்துகொண்டிருந்தது, என் பாட்டிலுக்கு நாலடி மேலே.

அவரும் என்னைப் பார்த்தார். என் கையில் இருந்த பாட்டிலையும் பார்த்தார். வீசுவதை நிறுத்தினார். நான் ஏதாவது சொல்வேன் என்று நின்றார் போல. அப்புறம், “பனியில நிக்காத. வீட்டுக்குப் போ” என்றார்.

நான் பாட்டிலைக் கவிழ்த்தேன். அவர் பார்க்கும்போதே கவிழ்த்தேன். பாறைக்குத் திரும்பி நடந்தேன். அப்பா மறுபடி வீசத் தொடங்கிய சத்தம் கேட்டது. பிறகு ஒவ்வொரு வாரமும் அவர் அந்த நேரத்துக்கு மாட்டுக் கொட்டகையிலேயே இருந்துவிடுவார். நானும் மதகுப் பக்கமே போகவில்லை. போனால் தெரிந்துவிடும் என்பதால்.

அவர் என்னைப் பொய் சொல்லச் சொல்லவில்லை. அதை எழுதி வைக்கிறேன். அவர் சொன்னது பனியில் நிற்காதே என்பது மட்டும்தான்.

பிப்ரவரி 16, ஞாயிறு

ஆஸ்பத்திரி வராண்டாவில் எழுதுகிறேன். அம்மா சுவரில் சாய்ந்து தூங்குகிறாள்.

காலையில் மாமா போன் செய்தார். பாப்பாவின் உதடும் நகமும் நீலமாகிவிட்டன, அழவும் மாட்டேன் என்கிறாள் என்றார். அவர் குரலில் கேலியே இல்லை. நாங்கள் டவுன் ஆஸ்பத்திரிக்கு வந்தபோது பாப்பாவின் முகத்தில் ஆக்சிஜன் மாட்டியிருந்தார்கள். அப்படியும் நிறம் மாறவில்லை. கருவூமத்தம் பூவை நசுக்கிப் பூசிய மாதிரி இருந்தாள்.

டாக்டரம்மா ஸ்டெதாஸ்கோப்பை வைத்துவிட்டு, “இதயத்துல கோளாறா இருக்கலாம். சேலத்துக்கு அனுப்பி ஸ்கேன் பார்க்கணும்” என்றார். ஆம்புலன்ஸுக்குச் சொல்லப் போனார்.

சேலம் ஒன்றரை மணி நேரம்.

“டாக்டர், தண்ணி” என்றேன்.

“வெளிய குழாய் இருக்கு பாரு.”

“அது இல்ல டாக்டர். பாப்பா குடிக்கிற தண்ணில நைட்ரேட் இருக்கு. நெறைய.”

டாக்டரம்மா நின்றார். “உனக்கு எப்படித் தெரியும்?”

அக்கா, மாமா, அம்மா, எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். அப்பா கதவோரம் நின்றிருந்தார். நான் அவரைப் பார்க்காமல் சொன்னேன். “நான்தான் ஓடைத் தண்ணிய சோதிக்கிறவ. சரியா சோதிக்கல. ஏழு வாரமா வேற எடத்துத் தண்ணிய எடுத்துட்டு வந்து சுத்தமா இருக்குன்னு எழுதிட்டேன். அத நம்பி ஆலையும் விடுறாங்க.”

டாக்டரம்மா வேறு எதுவும் கேட்கவில்லை. பாப்பாவின் குதிகாலில் குத்தி ஒரு சொட்டு ரத்தத்தை வெள்ளைக் காகிதத்தில் விட்டு விசிறினார். சிவக்கவே இல்லை. சாக்லேட் நிறத்திலேயே கிடந்தது. “ஆம்புலன்ஸ் வேணாம். அந்த நீல ஊசி மருந்து இருக்கான்னு பாரு, சீக்கிரம்” என்று நர்ஸை அனுப்பினார்.

ஒரு மணி நேரத்தில் உதடு வெளுத்தது. அப்புறம் சிவந்தது. அப்புறம் அழுதாள். அந்த அழுகையைக் கேட்டுத்தான் அம்மா உட்கார்ந்தாள்.

“நான் நல்லாக் கொதிக்க வச்சேனே டாக்டர். அரைமணி நேரம் வச்சேனே” என்றாள் அக்கா.

“இது கொதிக்க வச்சா போறது இல்லம்மா. தண்ணிதான் வத்தும், அது அப்படியே நிக்கும். உன் மேல தப்பு இல்ல.”

அக்கா என் பக்கம் திரும்பினாள். கோபமாகக்கூட இல்லை.

“அன்னிக்கு கேன் தண்ணி வாங்கிக்கோன்னு சொன்னியே. அப்பவே தெரியுமா உனக்கு?”

தெரியும் என்று தலையாட்டினேன்.

“ரப்பர எடுத்துக் குடுத்தியேடி” என்றாள்.

பிப்ரவரி 17, திங்கள்

பாப்பாவுக்கு ஆபத்து நீங்கிவிட்டது. அக்கா என்னைக் கட்டிலுக்கு அருகில் விடவில்லை.

டீ வாங்கப் போகும்போது அப்பா கூடவே வந்தார். கடைக்கு எதிரில் நின்றோம். “டாக்டர்கிட்ட எல்லாத்தையும் சொன்ன. என் பேர மட்டும் சொல்லல” என்றார்.

“ம்.”

“ஏன்?”

நான் கடைக்காரரிடம் காசைக் கொடுத்தேன்.

“செடி மஞ்சளாயிடுச்சு. போன வருசமும் தக்காளிய ரோட்டுல கொட்டினோம். ரெண்டு மூட்டதானே, முப்பது பேரு போடாதப்ப யாருக்குத் தெரியப் போவுதுன்னு நெனச்சேன்.” அவர் டீ ஆறிப் போயிருந்தது. குடிக்காமல் கீழே ஊற்றினார். “நீ பாட்டில கவுத்தப்ப எனக்கு நிம்மதியா இருந்தது. அத நெனச்சாத்தான்...”

நான்கு டீயையும் நானே தூக்கிக்கொண்டு நடந்தேன்.

பிப்ரவரி 19, புதன்

டீச்சரிடம் சொன்னேன். அவருக்கு முன்பே காதுக்கு வந்திருந்தது. படிவக் கோப்பை எடுத்து ஏழு தாள்களையும் மேசையில் பரப்பினார்.

“ஒவ்வொண்ணுலயும் என் கையெழுத்தும் இருக்கு, பார்.”

“ஆமா டீச்சர்.”

“ஒரு சனிக்கிழமையாவது நான் கூட வந்திருக்கணும்” என்றார். திட்டுவார் என்றுதான் போனேன். திட்டியிருந்தால் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும்.

ஆலைக்கும் சங்கத்துக்கும் எழுதிவிட்டார். ஆலை வெளியே விடுவதை நிறுத்தியிருக்கிறதாம். பள்ளக்கொட்டாய்க்கு லாரியில் தண்ணீர் போகிறது. சனிக்கிழமை எல்லார் முன்னாலும் மதகில் எடுத்து அங்கேயே சோதிப்பார்கள்.

“நீதான் எடுக்கணும்” என்றார் டீச்சர்.

பிப்ரவரி 22, சனி

மதகில் ஐம்பது பேருக்கு மேல் இருந்தார்கள். மாசி பிறந்து ஓடை பாதியாக வற்றியிருந்தது. பள்ளக்கொட்டாய் ஆட்கள் எதிர்க்கரையில் நின்றார்கள். மாதேஷ் மாமா அவர்களோடு நின்றார். என்னைக் கூப்பிடவில்லை.

அப்பா வீட்டிலிருந்து கற்பூரம் கொண்டுவந்திருந்தார். ஆனால் ஏற்றவில்லை. மதகுக் கல்லின்மேல் பொட்டலத்தை வைத்துவிட்டு, “நான்தான் போட்டேன். ரெண்டு மூட்ட. எம் பொண்ணு பாத்துட்டுத்தான் பாட்டில கவுத்தா” என்றார். சத்தமாகச் சொல்லவில்லை, ஆனாலும் எல்லாருக்கும் கேட்டது.

யாரோ கெட்ட வார்த்தை சொன்னார்கள். சின்னப்பையன் பெரியப்பா அப்பாவைப் பார்க்காமல் தன் சோளத்தைப் பார்த்துக்கொண்டு, “ராசியான மண்ணுன்னு சொன்னேனே” என்றார். அப்பாவால் அங்கே நிற்க முடியவில்லை. செருப்பைக் கழற்றிவிட்டுத் தண்ணீரில் இறங்கினார்.

நான் பாட்டிலோடு இறங்கினேன். வழுக்கியது. அப்பா என் முழங்கையைப் பிடித்தார். “எத்தன வாட்டி கழுவணும்?” என்று கேட்டார்.

“மூணு.”

அவர் எண்ணினார். நான் கழுவினேன். பாட்டில் வாயை அமுக்கி, குமிழி இல்லாமல் மூடினேன்.

டீச்சர் கரையிலேயே பொடியைப் போட்டார். ஐந்து நிமிடம் ஆகவில்லை. முதலில் அடியில் லேசாக, பிறகு மேல்வரை. அட்டையின் ஐந்தாம் கட்டத்தைவிட அடர்த்தியாக நின்றது.

“ஆலையிலேந்து வர்றது மதகுக்குக் கீழதான். அப்போ இது மொத்தமும் நம்ம ஊருதானா டீச்சர்?” என்று சின்னப்பையன் பெரியப்பா கேட்டார்.

“இங்க இருக்கிறது நம்மளோடது. பள்ளக்கொட்டாய்க் கெணத்துல ரெண்டும் கலந்திருக்கு. அதப் பிரிச்சுச் சொல்ல முடியாதுங்க.”

பிரித்துச் சொல்ல முடியாது என்று கேட்டதும் அப்பா தலையைக் குனிந்துகொண்டார். எனக்கும் அது ஆறுதலாக இல்லை. பிரிக்க முடிந்தால் என் பங்கு இவ்வளவுதான் என்று ஒரு எண்ணாவது இருக்கும்.

புள்ளிகள் போய்விட்டன, முப்பத்தொரு குடும்பத்துக்கும். அடுத்த வருஷம் முதலிலிருந்து தொடங்கலாமா என்று சங்கம் பிறகு சொல்லும். அம்மா பாப்பாவைப் பார்க்கப் போய்விட்டு வந்தாள். சிரிக்கிறாளாம். என்னை விசாரித்தாளா என்று கேட்டேன். “அவளுக்கு அஞ்சு மாசம்டி” என்றாள் அம்மா. நான் கேட்டது அக்காவை.

காலையில் சோதனை முடிந்ததுமே டீச்சர் மதகுக் கல்லின்மேல் படிவத்தை வைத்து என்னிடம் பேனாவைக் கொடுத்தார். தேதி எழுதினேன். நைட்ரேட் கட்டத்தில் ஐந்துக்கு மேல் என்று எழுதினேன். ‘எடுத்த இடம்’ என்ற கட்டத்தில் ‘மதகு’ என்று எழுதினேன். முந்தின ஏழு தாள்களும் கீழே இருந்தன, காற்றில் ஓரம் தூக்கிக்கொண்டு. ஏழிலும் அதே கட்டத்தில் அதே வார்த்தை, அதே அழகான கையெழுத்தில். வித்தியாசமே தெரியவில்லை.